கற்பிக்கவும் கற்க வேண்டும்

கற்றவர் எல்லாரும் கற்பிக்க வல்லவர் ஆகிவிடுவதில்லை. தமிழ் மாணவர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. நன்னூலின் பொதுப்பாயிரம், எழுத்தைப் பற்றிப் பேசுமுன்னரே ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறது. ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு அது காட்டும் உவமைகளுள் ஒன்று கழற்குடம்: போட்ட முறைப்படி காய்களைத் திருப்பித் தராத குடம். மற்றொன்று மடற்பனை: தானாக விழுந்தாலன்றி, பிறர் நெருங்கிக் கொள்ளவொட்டாத பனை.

இவ்விரண்டும் மருத்துவக் கல்லூரியில் இருந்தால் என்ன ஆகும்?

நம் திருவனந்தபுரத்து மருத்துவக் கல்லூரி 1951இல் தோன்றியது; கேரளத்தில் அதுவே முதலாவது. கன்னியாகுமரி மாவட்டத்து மக்களும் நாடி வரும் இடம் அது. இத்தகைய மருத்துவமனையில் கட்டிலருகே நின்று கற்பிப்பவர்க்கு இரண்டு கடமைகள். நோயாளியையும் காக்க வேண்டும். மாணவனையும் வளர்க்க வேண்டும். எதுவரை அவன் கையில் விடுவது, எப்போது தடுப்பது, பிழையை நோயாளியின் முன் நாணச் செய்யாமல் எவ்வாறு திருத்துவது? அறுவையில் தேர்ந்த கைக்கு இவை தாமாக வந்துவிடுமா?

உலகம் இதை உணர்ந்து நாளாயிற்று. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 1950களிலேயே மருத்துவ ஆசிரியர்களும் கல்வித்துறையினரும் ஒன்றுகூடி ஆராய்ந்தனர். புதுச்சேரி ஜிப்மரில் 1970களில் ஆசிரியர் பயிற்சி மையம் எழுந்தது. 2009இல் இந்திய மருத்துவக் கழகம் கல்லூரி ஆசிரியர்க்குப் பயிற்சிப் பட்டறையை வகுத்தது. நல்ல தொடக்கமே. ஆனால் அடிப்படைப் பட்டறையின் காலம் மூன்றே நாள்! பள்ளியில் கணக்குச் சொல்லித்தர பி.எட். பட்டம் கேட்கும் நாட்டில், உயிர் காக்கும் கலையைச் சொல்லித்தர மூன்று நாள் போதுமா?

“மூத்தவரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம், மருத்துவர்க்கு நேரம் ஏது?” என்பர் சிலர். பார்த்துக் கற்பவன் நிறையை மட்டுமா கற்கிறான்? குறையையும் சேர்த்தே கற்கிறான். சினந்து திட்டும் ஆசிரியரிடம் பயின்றவன், நாளை சினந்து திட்டும் ஆசிரியன் ஆகிறான்.

வழி தொலைவில் இல்லை. செவிலியர் முதுநிலைப் படிப்பில் கற்பித்தல் ஒரு பாடமாகவே இருக்கிறது. மருத்துவ முதுநிலை மாணவரோ, மூன்றாண்டும் இளையவர்க்குக் கற்பித்துக்கொண்டேதான் படிக்கிறார். அந்த மூன்றாண்டிலேயே கற்பிக்கும் முறையையும் பாடமாக்குக. மூத்தவர் உடனிருந்து அதைக் கண்டு திருத்துக. தேர்விலும் அதற்கு இடம் தருக. தனிக் கட்டடமும் வேண்டாம், புதிய பட்டமும் வேண்டாம்.

தோழர்களே, கட்டிலில் கிடப்பவர் தம் உடலையே பாடநூலாகத் திறந்து தருகிறார். அந்நூலை நடத்துபவர் பயின்றவராக இருக்க வேண்டும் என்று கேட்பது அவருக்குரிய உரிமை. அவருக்காக நாமும் கேட்போம்.