இருமலுக்குப் பயந்த உம்மம்மா

என் உம்மம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடங்கள். "முழங்கால் நோவு" என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தார். கடந்த நோன்பு காலத்தில் ஒரே தொழுகைக்காக அவர் மூன்று தடவை வுழூச் செய்வதைக் கண்டு ஏன் என்று கேட்டேன். "இருமினா மூத்திரம் சொட்டுது மகள். ஒருத்தருக்கும் சொல்லிராத" என்றார். இன்று அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு இதயத்தின் அறைகளை வரையத் தெரியும். உம்மம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேட்டேன். இடுப்பின் அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஓர் ஊஞ்சல் போலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவை அவையே. கர்ப்பம், பிரசவம், நீண்ட நாள் இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல், வயது என்பவற்றால் அவை தளர்கின்றன. அவற்றைப் பலப்படுத்தும் பயிற்சியை அமெரிக்கப் பெண் நோயியல் வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948 இலேயே எழுதி வெளியிட்டார். அது எங்கள் வீட்டுக்கு வர இத்தனை காலம் எடுத்திருக்கிறது.

பயிற்சி இலகுவானது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல அத்தசைகளை உள்ளிழுத்து ஐந்து விநாடி பிடித்து, அதேயளவு நேரம் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கவோ, தொடையையும் வயிற்றையும் இறுக்கவோ கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகுவதும் நல்லதல்ல. பலன் தெரிய மூன்று மாதமளவில் ஆகலாம். நோவு, எரிவு, இரத்தம் இருந்தால், அல்லது ஏதோ கீழிறங்குவது போல உணர்ந்தால் முதலில் வைத்தியரிடம் போக வேண்டும்.

"குமர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அஹதிய்யா வகுப்பில் ஹைழையும் கடமையான குளிப்பையும் நாங்கள் கற்கவில்லையா? வெட்கம் மார்க்கத்தைக் கற்பதற்குத் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) பாராட்டியதையும் அங்குதான் படித்தோம். நாளை தாயாகப் போகும் நாங்கள் இதை இன்றே அறிவதுதான் நல்லது. வயது போனால் அப்படித்தான் என்று உம்மாமார் பொறுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். பாடசாலைச் சுகாதார வகுப்பில் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும்.

இப்போது இஷாவுக்குப் பிறகு உம்மம்மா, உம்மா, நான் மூவரும் இருந்து இப்பயிற்சியைச் செய்கிறோம். உம்மம்மாவுக்கு முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் போன மாதம் சாச்சியின் மகளுடைய கல்யாணத்துக்கு வந்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

இதை வாசிக்கும் தோழியே, இன்றிரவு உன் உம்மாவிடமும் உம்மம்மாவிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்.