15 ஆண்டுகள் யாரும் பார்க்காத கார்

லாரி வைத்திருப்பவரைக் கேட்டால் எப்.சி. என்றால் என்னவென்று சொல்வார். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அவர் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். வாடகைக் கார், வேன், பள்ளிப் பேருந்து எதற்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் சொந்தக் காருக்கோ முழு விலக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி அதன் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அந்த 15 ஆண்டுகள் முடியும்வரை, அதன் பிரேக்கையோ டயரையோ ஒருமுறையாவது பார்க்க வேண்டிய கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை. 5 வயதைத் தாண்டிய ஒவ்வொரு தனியார் காருக்கும் 2 ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

புகைச் சான்று வாங்குகிறோமே, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிறோமே என்று கேட்கலாம். புகைச் சோதனை நிலையத்தில் குழாயைச் சொருகுவது சைலன்சரில். சக்கரத்தின் பக்கம் யாரும் குனிவதில்லை. இன்ஷூரன்ஸ் காலாவதியாகிவிட்டால் ஒருவர் வந்து நாலாபக்கமும் படம் எடுப்பார். அவர் தேடுவது பம்பரில் உள்ள கீறலை, கதவில் உள்ள நெளிவை. அந்த வண்டி நிற்கச் சொன்னால் நிற்குமா என்பது அவருடைய கேள்வி இல்லை.

இந்தக் கேள்வியை இன்று கேட்கிற ஒரே ஆள் பஞ்சர் கடைக்காரர். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து எந்தக் கடையிலும் இதைக் காணலாம். குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்ட கார் ஒன்று காற்றடிக்க வந்து நிற்கிறது. வெளிப்பார்வைக்கு டயரில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. கடைக்காரர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்கிறார். அப்போதுதான் உட்பக்கம் தெரிகிறது. வீல் அலைன்மென்ட் பார்க்காமலே ஓட்டியதில் உள்விளிம்பு மொட்டையாகி, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. "சார், இதோட போகாதீங்க, ஸ்டெப்னியாவது மாட்டிடுறேன்" என்கிறார் அவர். "ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்ணே" என்று பதில் வருகிறது. வண்டி போய்விடுகிறது. தடுத்து நிறுத்த அந்தக் கடைக்காரருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரோ அந்த உட்பக்கத்தைப் பார்க்கப்போவதே இல்லை.

டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவிகூட வேண்டாம். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகளை வைத்தே டயரைத் தயாரிக்கிறார்கள். அந்த மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைச் சாலையில் தேங்கிய தண்ணீரை விலக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை இல்லாவிட்டால் வேகத்தில் டயர் தரையைத் தொடாமல் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்புறம் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒன்றுக்கும் உதவாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களும் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத கார் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விடும்.

பிரேக் ஆயிலின் கதையும் இதுதான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மலையிறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதிக்க, ஆயில் கொதித்துக் குமிழி விட, பெடல் திடீரென்று தரைவரை போய்விடும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளால், வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் காவல்துறை கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று அறிவிப்புப் பலகை சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் அந்த ஆயிலைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று எந்தப் பலகையும் கேட்க முடியாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். முதன்மைக் காரணம் அதிவேகம் என்பதை நாம் மறுக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதையும் கைபேசியோடு ஓட்டுவதையும் தடுக்கும் நடவடிக்கைகள் தளரவே கூடாது. ஆனால் எல்லாப் பழியையும் ஓட்டுநர் தலையில் போட்டுவிட்டு வண்டியை விட்டுவிடுவது பாதி வேலைதான். எச்சரிக்கையாக ஓட்டுபவருக்கும் மொட்டை டயர் கைகொடுக்காது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கியது தமிழக அரசு. பாராட்ட வேண்டிய திட்டம். அடிபட்ட பிறகு காட்டும் அந்த அக்கறையை அடிபடுவதற்கு முன்பும் காட்டச் சொல்கிறோம்.

இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு லஞ்சம்தானே என்ற எதிர்ப்பு எழும். அதில் நியாயம் இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. அதனால்தான் இந்தச் சோதனையை ஓர் ஆய்வாளரின் கையெழுத்தை மட்டும் நம்பி விடக் கூடாது என்கிறோம். தானியங்கிச் சோதனை மையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021இலேயே அறிவித்துவிட்டது. உருளையின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, பிரேக் பிடிக்கும் வலுவைக் கருவியே அளந்து பதிவுசெய்யும். அந்த மையங்களை மாவட்டந்தோறும் விரைந்து அமைத்து, தனியார் கார்களுக்கும் திறந்துவிட வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சுமையாகும் என்பார்கள். கட்டணத்தைக் குறைவாக வைப்பது அரசின் கையில்தான் இருக்கிறது. தேய்ந்த டயரை மாற்றுவதும் பிரேக் ஆயிலை மாற்றுவதும் புதிய செலவே அல்ல. எப்படியும் செய்திருக்க வேண்டியவை.

பிரிட்டன் 1960இல் இத்தகைய சோதனையைத் தொடங்கியபோது 10 வயதைக் கடந்த கார்களுக்கு மட்டும்தான் கட்டாயமாக்கியது. 1967க்குள் அதை 3 வயதுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் புதுக் காருக்கு முதல் சோதனை 3ஆம் ஆண்டில், பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. நாமும் 10 வயதில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வரலாம். அதில் பிடிவாதம் வேண்டாம். 15 ஆண்டுகள் காத்திருப்பதை மட்டும் ஏற்க முடியாது.

பழைய கார் வாங்குபவருக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பு தனி. பிரிட்டனில் ஒரு காரின் எண்ணைத் தட்டினால் அது எந்தெந்தச் சோதனையில் எதற்காகத் தோற்றது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் இலவசமாகத் தெரிந்துவிடும். மீட்டரைத் திருப்பி வைத்து விற்பவர் அங்கே எளிதில் மாட்டிக்கொள்வார். இங்கே எம்பரிவாஹன் செயலியில் பதிவும் இன்ஷூரன்ஸும் தெரியும், வண்டியின் நிலைமை தெரியாது. சேமிப்பைக் கொட்டி முதல் கார் வாங்கும் குடும்பம், வாட்டர் வாஷ் செய்து பாலிஷ் போட்ட பளபளப்பையும் விற்பவரின் வாய்வார்த்தையையும் நம்பித்தான் முன்பணம் கொடுக்கிறது. கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகுமாறும், மெக்கானிக் சரி என்று சொல்லும்வரை பணத்தை எடுக்க வேண்டாம் என்றும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சட்டத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். அதுவரை தமிழக அரசு கைகட்டி நிற்கத் தேவையில்லை. பாதுகாப்பற்ற நிலையில் வண்டி ஓட்டுவதை 190ஆவது பிரிவு ஏற்கெனவே குற்றம் என்கிறது. ஹெல்மெட்டுக்கு நிறுத்தும் காவலர் ஒருமுறை டயரையும் குனிந்து பார்க்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் சுங்கச்சாவடிகளில் இலவச டயர், பிரேக் சோதனை முகாம்களைப் போக்குவரத்துத் துறை நடத்தலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் முகாம்கள் நடந்தாக வேண்டும். பழைய கார் பெயர் மாற்றத்துக்கு வரும்போது டயர், பிரேக், விளக்கு ஆகிய மூன்றின் நிலையையும் எழுத்தில் பெற்று, வாங்குபவர் கையில் கொடுக்கும் நடைமுறையைக் கொண்டுவர மத்திய அரசை வலியுறுத்துவதோடு, தமிழக அரசு தன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் அதை உடனே சோதனை முறையில் தொடங்கவும் வேண்டும்.