லிஸ்பனில் ஒரு கறுவாத்தூள் பேணி

நாங்கள் லிஸ்பனுக்குப் போனதில்லை. டிக்கெட் காசையும் விசா அலுவலையும் யோசித்தாலே களைத்துப் போகும். ஆனால் போன விடுமுறை முழுக்க, ஒரு லப்டொப்பைச் சுற்றி நாலு பேர் இருந்து அந்த நகரத்தில் ‘நடந்தோம்’. எல்லாம் யூடியூபில் வரும் உணவு நடை வீடியோக்கள்தான். வழிகாட்டி முன்னுக்குப் போவார், பின்னால் பத்துப் பதினைந்து பேர், ஒரு பின்னேரத்தில் நாலைந்து கடை.

இந்த நடைகள் எங்களுக்குப் பிடிச்சிருக்கு, அதை முதலே சொல்லிவிடுகிறோம். பஸ்ஸில் இருந்தபடி கோட்டையைப் பார்ப்பதை விட, காலாலும் வாயாலும் ஒரு ஊரை அறிவது நல்லது. 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் கீழ்நகரம் அழிந்து, பிறகு நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டப்பட்டது. அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியதால் அங்கே இன்னும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் படிகளும்தான். ஆக்கள் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்தாலே இந்த வித்தியாசம் விளங்கும்.

எங்கட முறைப்பாடு, இந்த நடைகளில் சொல்லாமல் விடுவதைப் பற்றியது.

சாவோ டொமிங்கோஸ் சதுக்கத்தில் 1840இலிருந்து இருக்கும் ஒரு சின்னக் கடையில் ‘ஜிஞ்ஞா’ என்ற புளிப்புச் செர்ரி மதுவை விற்கிறார்கள். எல்லா வீடியோவிலும் அங்கே நின்று ஒரு மிடறு குடிக்கினம். அதே சதுக்கத்தில் இருக்கும் தேவாலயத்தில்தான் 1506 உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாட்களில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்டிருந்த யூதர்கள் மீதான படுகொலை தொடங்கியது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதற்கான நினைவுக்கல் 2008இல்தான் வந்தது. நாங்கள் பார்த்ததில் ஒரேயொரு வழிகாட்டி மட்டும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். வரலாறு சொன்னால் ருசி கெட்டுப்போகும் என்பார்கள். அவருடைய குழுவில் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. கேட்டுவிட்டுத்தான் குடித்தார்கள்.

அடுத்தது பெலெம். 1837இலிருந்து முட்டைக் கஸ்டர்ட் பேஸ்ட்ரி விற்கும் பெயர்போன கடை அங்கேதான். சுடச்சுட வரும், கூடவே சீனித்தூளும் கறுவாத்தூளும். “தூவிச் சாப்பிடுங்கோ” என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லுகிறார்கள். கறுவாவின் கதையை ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்திலிருக்கும் ஜெரோனிமோஸ் மடாலயம் கட்டியதே ஆபிரிக்க, கீழைத்தேய வணிகத்தில் அறவிட்ட வரியால். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். கோட்டை அரசனிடம் கறுவாவைத் திறையாக வாங்கினார்கள். பிறகு கறுவா உரிப்பதைச் சாதி வழியான கட்டாய ஊழியமாக வாங்கினார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் அவர்களிடம் விழுந்தது. நாங்கள் தின்கிற பாண், இருக்கிற கதிரை, போடுகிற சப்பாத்து, உடுப்பு வைக்கிற அலுமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். இன்றைக்கு அந்தப் பேணிக்குள் எந்த நாட்டுத் தூள் இருந்தாலும், அதை லிஸ்பன் மேசைக்குக் கொண்டுவந்த கதையில் எங்கட ஆக்களும் இருக்கினம். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

லிஸ்பனைக் குறை சொல்வது எங்களுக்கு லேசு. ஆனால் நாளைக்கு யாழ்ப்பாணத்தில் நாங்களே ஒரு உணவு நடை நடத்துகிறோம் என்று வையுங்கோ. ஒடியல் கூழ் குடிக்கக் குடுப்போம், ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப்போவோம். நூலகத்துக்கு முன்னால் நின்று 1981ஐக் கட்டாயம் சொல்லுவோம், ஏனென்றால் அது எங்களுக்கு நடந்தது. சோனகத் தெருவுக்குள் போகும்போது, 1990 ஒக்டோபரில் எங்கட பேரைச் சொல்லிப் போராடிய புலிகள் முஸ்லிம்களைச் சில மணித்தியாலத்துக்குள் வெளியேற்றியதையும் சொல்லுவமா? இல்லாட்டி ருசியான கடையை மட்டும் காட்டிப்போட்டு நடையைக் கட்டுவமா?

லிஸ்பன் வழிகாட்டியிடம் நாங்கள் எதிர்பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தை, முதலில் எங்கட தெருவில் நாங்கள் நின்று சொல்ல வேணும்.