கூண்டைத் திறந்துவிடச் சொல்பவர்களுக்கு

தமிழில் வாசித்துப் பழகியவர்களுக்குக் கூண்டு என்பது பெரும்பாலும் ஓர் உருவகம். நாட்டின் அடிமை நிலை, பெண்ணின் நிலை, சில சமயங்களில் ஆன்மாவின் நிலை என்று அதற்குப் பொருள் கொண்டுவிடுகிறோம். உள்ளே இருக்கும் பறவை மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்களில் மூவர், ஒருவரோடொருவர் கலந்து பேசாமலேயே, கூடத்தின் மூலையிலிருக்கும் கூண்டைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "பாவம், திறந்து விட்டுவிடுங்களேன்." மூவருமே நல்ல வாசகர்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நல்லெண்ணம் செயலாகுமானால் எங்கள் குஞ்சலம் அன்றைய மாலைப் பொழுதைத் தாண்டாது. இதை நாங்கள் ஊகத்தால் சொல்லவில்லை. அது எங்களிடம் வந்து சேர்ந்ததே எவரோ திறந்துவிட்ட, அல்லது மூட மறந்த, ஒரு கதவின் வழியாகத்தான்.

2022 ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சாண் அகலச் சந்தில் சாம்பல் நிறப் பறவை ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டுக் காகங்கள் சுவர்மேல் அமர்ந்து முறைவைத்துக் கொத்திக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுப் பையன் குளியல் துண்டைப் போட்டு அதைப் பிடித்துக் கொடுத்தான். "மாமி, இது காக்டெயில்" என்றும் சொன்னான். பறவைக் கடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். மதுபானத்தின் பெயர் என்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. காக்கடீல் என்பதே சரியான பெயர். இடச் சிறகின் பறக்கும் இறகுகள் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தன. மார்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரிந்தது; அங்கிருந்த இறகுகளை அது தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது என்றார் மருத்துவர். காலில் உலோக வளையம் இருந்தது, அதாவது எங்கோ ஒரு பண்ணையில் பிறந்தது. எடை 74 கிராம். அந்த இனத்துக்கு 80 முதல் 100 கிராம் வரை இருப்பது இயல்பு. தெருவிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்தோம், அறிவிப்பு ஒட்டினோம். எவரும் தேடி வரவில்லை. வால் இறகுகளின் அடிப்புறத்தில் மஞ்சள் வரிகள் இருந்ததால் பெண் என்று தெரிந்தது. கொண்டையைப் பார்த்து, பின்னல் நுனியில் கட்டும் குஞ்சலத்தின் பெயரையே வைத்தோம்.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட சமவெளி. விலங்கியலார் வைத்த பெயரிலுள்ள 'ஹாலண்டிகஸ்' என்ற சொல் அந்நாட்டின் பழைய பெயரான நியூ ஹாலந்தைக் குறிப்பது. ஐரோப்பிய ஹாலந்துக்கும் இதற்கும் உறவில்லை. காக்கட்டூக் குடும்பத்தில் மிகச் சிறியது. நீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டமாக அலைவது, தரையில் இறங்கி மேய்வது, வல்லூறு தலைக்குமேல் தோன்றினால் ஒரே கணத்தில் எல்லாமாக எழும்புவது என்பதே அதன் வாழ்க்கை. இரு பக்கங்களிலும் அமைந்த கண்கள், சிறு அசைவுக்கும் செங்குத்தாக எழும் கொண்டை, பறக்கும் தசை எல்லாம் அச்சத்தின் பொருட்டே உருவானவை. ஆகவே அச்சம் இப்பறவையின் குறைபாடு அன்று. கூட்டமில்லாமல், பறக்க இயலாமல், தனித்து ஓர் அறையில் அதே அச்சத்தோடு விடப்பட்டிருப்பதுதான் அதன் துன்பம். சென்னை வானில் அதற்குக் கூட்டம் கிடையாது. காகமும் பருந்தும் பூனையும் உண்டு. உணவு எங்கே கிடைக்கும் என்பதைக் கற்பித்துக்கொடுக்கத் தாய்ப்பறவையும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்ததை இங்கே பறக்கவிட்டுவிட்டு விடுதலை என்று சொல்வது சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

இனி, எங்களுக்கு வந்த இரண்டாவது வகை அறிவுரையைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் வகையைவிட இதில் எங்களுக்குக் கோபம் அதிகம். "கையை உள்ளே விட்டுப் பிடியுங்கள். இரண்டு நாள் கத்தும், மூன்றாம் நாள் அடங்கிவிடும்" என்பது அது. பறவை வளர்த்து அனுபவமுள்ளவர்களே இதைச் சொல்கிறார்கள். அடங்குகிறது என்பதும் பொய்யன்று. ஆனால் அஞ்சிய பறவை அசையாமல் இருப்பது அமைதியின் அடையாளமல்ல. தப்பிக்க வழியில்லை என்று கண்டுகொண்டது, அவ்வளவே. கொண்டை தலையோடு படிந்து, இறகுகள் உடலோடு இறுகி, மூச்சு மேலும் கீழுமாக ஓடும்போது அதை 'பழகிவிட்டது' என்று புகைப்படம் எடுப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாங்களும் அவர்களில் இருவராக ஒரு நாள் இருந்தோம். அதைக் கீழே சொல்கிறோம்.

முதல் மூன்று வாரம் நாங்கள் செய்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கூண்டைக் கூடத்தின் நடுவிலிருந்து நகர்த்தி, இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் மூலையில் கண்மட்ட உயரத்தில் வைத்தோம். நாற்புறமும் திறந்த இடத்தில் எத்திசையிலிருந்து ஆபத்து வருமென்று அது இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வழவழப்பான மரக் கழியை எடுத்துவிட்டு, பருமன் வேறுபடும் கொய்யாக் கிளைகளைப் பொருத்தினோம். எண்ணெய் ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி, தோசைக்கல் இரண்டையும் வீட்டைவிட்டு அனுப்பினோம். அந்தப் பூச்சு அளவுக்குமீறிச் சூடேறினால் எழும் ஆவி பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் நின்றன. (வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தியது குறித்து ஊரிலிருந்து வந்த பெரியம்மா சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.)

இரவுகள்தாம் கடினம். காக்கடீல்களுக்கு இரவில் திடீரென்று வெருட்சி உண்டாகும் என்பது இவ்வினத்தை வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. இருட்டில் பல்லி ஓடினாலும், வண்டியின் விளக்கொளி சுவரில் நகர்ந்தாலும், காரணம் விளங்காமலுங்கூட, கூண்டின் கம்பிகள்மேல் மோதி மோதிப் பறக்கும். இரத்தம் ஓடும் இளம் இறகு ஒடிந்துவிட்டால் ஒரு சிறு பறவைக்கு அதுவே உயிராபத்து. முதல் வெருட்சி வந்த இரவில் இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டபோது கூண்டின் அடித்தட்டு முழுதும் சிவப்புத் துளிகள். சோளமாவை அழுத்தி இரத்தத்தை நிறுத்தினோம். மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அன்று முதல் மங்கலான விளக்கு ஒன்று இரவெல்லாம் எரிகிறது. முழு இருட்டே நல்லது என்று கருதிக் கூண்டைப் போர்வையால் மூடியது எங்கள் அறியாமை.

பகலில் செய்ததில் பயன் தந்தது வாசிப்பு. நேரே எதிரில் அமர்ந்து இரு கண்களாலும் உற்றுப் பார்ப்பது வேட்டை விலங்கின் பார்வை. ஆகவே கூண்டுக்குப் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி அமர்ந்து, நாள்தோறும் அரைமணி நேரம் இருவரில் ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படித்தோம். உரைநடைதான் உகந்தது. மெதுவாக நடக்கும் நாவல்கள் மிகவும் உகந்தவை. கவியரங்க பாணியில் ஒருமுறை முயன்றபோது கொண்டை எழுந்தது எழுந்ததுதான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, படித்துக்கொண்டிருக்கும்போதே அது அலகை உரசும் ஒலி கேட்டது. உறங்கப்போகும் பறவை செய்வது அது. படிப்பதை நிறுத்த எங்களுக்குத் துணிவில்லை. அன்று ஓர் அத்தியாயம் கூடுதலாக முடிந்தது.

பிறகு நாங்கள் கெடுத்தோம். நவராத்திரிக்கு உறவினர் குழந்தைகள் வந்திருந்தார்கள். கிளியோடு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டதே, பழகியிருக்கும் என்ற எண்ணத்தில், அதே குளியல் துண்டைப் போட்டுப் பிடித்தோம். படம் நன்றாகவே வந்தது. மறுநாள் மார்பில் ஆறத் தொடங்கியிருந்த இடத்தில் புதிதாக முளைத்த இறகுகள் அனைத்தும் கூண்டின் தரையில் கிடந்தன. உணவைத் தொடவில்லை. எடை பார்க்க வழியில்லாமல் எச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். பழைய நிலைக்குத் திரும்ப ஜனவரி ஆகிவிட்டது. காகங்கள் செய்ததைக்கூட மன்னித்துவிடலாம், அவற்றுக்கு அது இயல்பு. எங்களுக்கு ஒரு படம் தேவைப்பட்டது என்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

உணவைப் பற்றிச் சிறிது. சூரியகாந்தி விதை தவிர வேறெதையும் அது உணவாகவே அறியவில்லை. அதை மட்டுமே தின்றால் ஈரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும். ஆனால் திடீரென்று மாற்றினாலோ புதியதை உணவென்று அறியாமல் பட்டினி கிடந்தே இறந்துபோகும். முருங்கைக்கீரையும் துருவிய காரட்டும் ஏற்க நான்கு மாதம் ஆயிற்று. அவகாடோவும் சாக்லெட்டும் நஞ்சு. எல்லாவற்றினும் அது விரும்புவது தினைக்கதிர். குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனத்துப் பரண்மேல் நின்று பெண்கள் கிளி ஓட்டியதைப் படித்து மகிழ்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஒரு கதிரை நீட்டிக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை, ஒரு மணியைக் கொத்தாதா என்று நின்றுகொண்டிருக்கிறோம். வள்ளி பார்த்தால் சிரிப்பாள்.

இப்பறவைகள் இவ்வளவு எளிதாகக் கைவிடப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நல்ல சட்டம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. கிளி வேண்டுமென்ற ஆசை மட்டும் சட்டத்தால் அகலவில்லை, அயல்நாட்டு இனங்கள்மேல் திரும்பிற்று. பன்னாட்டு வணிகத்தை வரையறுக்கும் சைட்டிஸ் பட்டியலில் ஏறத்தாழ எல்லாக் கிளி இனங்களும் இருக்க, விலக்கப்பட்ட மிகச் சிலவற்றுள் காக்கடீலும் ஒன்று. பண்ணையில் எளிதில் பெருகுகிறது, விலை குறைவு. பேசும் என்று சொல்லி விற்கிறார்கள். பெண்பறவை பெரும்பாலும் பேசாது, சீழ்க்கையும் அடிக்காது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்து ஏமாறுகிறவர் 15, 20 ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரைக் கையில் வைத்திருக்கிறார் என்பதைக் கடையில் எவரும் சொல்வதில்லை. அசையவும் இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றந்தான். ஆனால் பால்கனியின் உட்புறத்தை எட்டிப் பார்க்க எவர் வருவார்? இருவருக்கும் அறுபது கடந்த எங்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கு வேறொரு விதத்திலும் உறுத்துகிறது. எங்களுக்குப் பின் யாரிடம் என்பதை எதிர்வீட்டுப் பையனோடு பேசிவைத்திருக்கிறோம். இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். வாரம் இருமுறை வந்து அவனும் படித்துக் காட்டுகிறான். பாடப் புத்தகமானாலும் குஞ்சலம் மறுப்புச் சொல்வதில்லை.

தீபாவளியைப் பற்றித் தனியே எழுதவேண்டும், ஆயினும் சுருக்கிவிடுகிறோம். பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று 2018இல் நேரம் வகுத்தார்கள். எங்கள் தெருவை அந்தச் செய்தி இன்னும் வந்தடையவில்லை. முதல் தீபாவளியன்று, படம் எடுத்த மூன்றாம் வாரம், கூண்டை உள்ளறைக்கு மாற்றி, சன்னல்களை மெத்தையால் அடைத்து, தம்புரா ஒலிப்பதிவை ஓடவிட்டு, இருவரும் விடிய விடியத் தரையில் அமர்ந்திருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் அது எங்களைப் பார்க்கவில்லை, சன்னலைத்தான் பார்த்தது. 2024 தீபாவளியிலும் அதே அறை, அதே தம்புரா. ஒரு பெருவெடிக்குப் பின் அது முதலில் சன்னலைப் பார்த்தது, அடுத்து எங்கள் முகங்களைப் பார்த்தது, பிறகு கொண்டையைப் பாதி இறக்கியது. இதற்கு மேல் அதனிடம் எங்களுக்குக் கேட்க எதுவுமில்லை. கைமேல் வந்து உட்காரவேண்டும் என்ற ஆசை எங்களுக்கு எப்போது போயிற்று என்பது நினைவில்லை.

கூண்டைத் திறந்துவிடச் சொன்ன நண்பர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அவர்கள் வந்தபோதெல்லாம் அது திறந்தேதான் இருந்தது. சிறகு முளைத்தபின் நாள்தோறும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை அறையின் சன்னல்களை மூடிவிட்டுக் கூண்டின் கதவைத் திறந்துவைக்கிறோம். முதல் பதினொரு நாள் அது வெளியே காலெடுத்து வைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கதவின் விளிம்பில் நின்றது. இப்போது புத்தக அலமாரியின் மேல்தட்டு வரை பறக்கிறது, பழைய சிற்றிதழ்களின் முதுகுகளைக் கிழிக்கிறது, தானே திரும்பி உள்ளே செல்கிறது. புதியவர் வந்தால் மட்டும் உள்ளேயே இருந்துவிடும். அதனால்தான் நண்பர்கள் கண்டது அடைபட்ட பறவையாக இருந்தது. மீண்டும் வருகிறவர்கள் பக்கவாட்டில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினால் அரைமணியில் வெளியே வரக்கூடும். அந்த இரண்டு மணி நேரமும் மின்விசிறி ஓடாது. அதற்கு ஆயத்தமாக வரவேண்டும்.