பழைய இரும்பும் கல்லூரித் தொழிற்கூடமும்

விழா மலர்களிற் கல்வி, பண்பாடு, மொழி என்பன பற்றி எழுதுவதே வழக்கம். பழைய இரும்பைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், எமது கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் தம் கையாற் செய்யத்தக்கதும் செய்யவேண்டியதும் என யான் கருதும் பொருளொன்று உண்டு. பழைய உருக்குச் சட்டங்களைப் பொருத்தி அமைக்கும் நீரியல் அமுக்கியே அது. பட்டறைகளில் இதனைப் 'பிறெஸ்' என்று வழங்குவர்.

இதன் தேவையை அறியத் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. தோட்டக்காரரின் நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து தேய்ந்த பெயாரிங்கைக் கழற்றச் சம்மட்டியையே நம்பியிருக்கும் சிறு பட்டறைகள் இன்றும் உள. அடி விழ விழத் தண்டு வளைகின்றது. புதிய பெயாரிங்கோ கோணலாக ஏறி, விரைவிலேயே இரையத் தொடங்குகின்றது. தோட்டக்காரர் பெயாரிங் செய்தவனை நொந்துகொள்கிறார். அமுக்கி இருப்பின் அடிக்கே இடமில்லை. நேராகவும் மெதுவாகவும் தள்ளி வேலையை முடித்துவிடும்.

இக்கருவியின் தத்துவத்தை எம் மாணவர் பௌதிகவியல் வகுப்பிற் படித்தே இருக்கின்றனர். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் இட்ட அமுக்கம் குறையாமல் எங்கும் பரவும் என்பது பஸ்கால் கண்ட உண்மை. அவர் மறைந்தபின் 1663ஆம் ஆண்டில் அவரது நூல் வெளிவந்தது. அதனைத் தொழிலுக்கு இசையச் செய்து 1795இல் உரிமம் பெற்றவர், பூட்டுச் செய்வதிற் பேர்பெற்ற யோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர். சிறு குழாயின் விட்டம் 12 மில்லிமீற்றர், பெருங்குழாயின் விட்டம் 48 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். பரப்பு 16 மடங்காகின்றது. கைபிடியின் நெம்புகோல் 25 மடங்கு தருமாயின் மொத்தம் 400 மடங்கு. உராய்வைக் கருதாதுவிடின், 50 கிலோகிராம் எடையளவு விசையோடு கைபிடியை அழுத்துபவன் 20 தொன் விசையை எழுப்புகிறான். ஆனால் ஒரு மில்லிமீற்றர் தள்ளுவதற்குக் கைபிடி 400 மில்லிமீற்றர் நடக்கவேண்டும். துலா மிதித்த எம் பாட்டன்மார் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஏட்டுச் சுவடியின்றியே அறிந்திருந்தனர்.

லொறிகளைத் தூக்கும் போத்தல் ஜக் ஒன்று இந்த விசையைத் தரும். அதனைத் தாங்கும் கூட்டைத்தான் நாம் செய்யவேண்டும். இங்கேதான் பழைய இரும்பைப் பற்றிய கேள்வி எழுகின்றது.

உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுவதில் எம்மவர் கைதேர்ந்தவர்கள். 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை வடபுலத்தை இறுக்கிய காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உசுப்பி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இவற்றை நினைத்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அப்பெருமையோடு வேறொரு பழக்கமும் எம்மிடம் தங்கிவிட்டது: கனமாக இருந்தாற் போதும், இரும்பெல்லாம் ஒன்றே என்ற எண்ணம். வறுமைக் காலத்தில் மன்னிக்கத்தக்கதாயிருந்த இவ்வெண்ணம், 20 தொன் விசையின் முன்னே மாணவன் ஒருவன் நிற்கும்பொழுது மன்னிக்கத்தக்கதன்று.

தண்டவாளத்தையே எடுத்துக்கொள்வோம். அதனைப் பார்த்தவுடன் இதைவிட உறுதியானது வேறில்லை என்றே எவரும் சொல்வர். புகைவண்டியைத் தாங்கியதாயிற்றே! ஆனால் அது காபன் மிகுந்த உருக்கு. முன்கூட்டிச் சூடேற்றாமலும் ஆறுதலாகக் குளிரவிடாமலும் வெல்டிங் செய்தால், ஒட்டின் அருகே அது கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை பெறும். வெளியே அழகான ஒட்டு. உள்ளே மயிரிழை வெடிப்பு. வார்ப்பிரும்போ வளைவைத் தாங்காது. லொறியின் வில்தகடு கடினமானது. அமுக்கியின் கீழ் அடைகட்டையாக வைத்தாற் சில்லாகத் தெறிக்கலாம். நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் புகை, ஒட்டுபவனைக் காய்ச்சலில் வீழ்த்தும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 2009இல் முடிந்த போரின் எச்சங்கள் கிடந்த நிலங்களில் இரும்பு பொறுக்கப்போய் உயிரையும் உறுப்பையும் இழந்தவர் உளர். எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத இரும்பு கல்லூரி வாயிலுக்குள் நுழையவே கூடாது.

அப்படியாயின் எது தகும்? இடித்த கட்டடங்களிலிருந்தும் கழித்த லொறிகளின் தட்டுகளிலிருந்தும் வரும் சாதாரண மென்னுருக்குச் சனல் சட்டங்கள் தகும். அவை துருவால் மெலியாதவையும், வளைத்து நிமிர்த்தப்படாதவையுமாதல் வேண்டும். நிலைக்கால்கள் இழுவையைத்தான் தாங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 தொன். அவை இலகுவிற் சளைப்பதில்லை. சோதனைக்குள்ளாவது மேற்சட்டமே. 600 மில்லிமீற்றர் இடைவெளியின் நடுவில் 20 தொன் முட்டும்போது, 150 மில்லிமீற்றர் உயரமும் 75 மில்லிமீற்றர் அகலமுமுள்ள சனல்கள் இரண்டு முதுகோடு முதுகாக நின்றால் தாங்கும். இடைவெளியை இரட்டித்தால் வளைப்பும் இரட்டிக்கும். கீழ்த்தட்டைத் தாங்கும் ஊசித்தண்டுகளிற் சிக்கனம் பிடிப்போர் உளர். கொங்கிறீற்றுக் கம்பியை வெட்டிச் செருகி விடுவர். 25 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதிலாக 12 மில்லிமீற்றர் கம்பியை இட்டால், தடிப்புப் பாதியாகும்போது வலிமை காற்பங்காகிவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஊசித்தண்டையும் ஜக்கையும் வெல்டிங் குச்சியையும் புதிதாகவே வாங்குக. மற்றவற்றிற் சிக்கனம் போதும்.

ஜக்கைத் தலைகீழாக மாட்டவுங் கூடாது. அது எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சுருள்வில் இரண்டால் தொங்கவிட்ட தட்டின்மேல் அதனை நிமிர்த்தி நிறுத்தி, அதன் தலை மேற்சட்டத்தில் முட்டச் செய்வதே முறை. ஜக் உயர உயரத் தட்டுக் கீழிறங்கிப் பொருளை அமுக்கும்.

வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைக்கு மேல் பிரித்தானியாப் பாலம் கட்டப்பட்ட காலத்து நிகழ்ச்சியொன்றை எம் மாணவர் அறிதல் நன்று. ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட இரும்புக் குழாய்ப் பகுதிகளை நீரியல் அமுக்கிகளே உயர்த்தின. 1849ஆம் ஆண்டில், அவற்றுள் ஒன்றின் வார்ப்பிரும்பு உருளையின் அடிப்பாகம் பெயர்ந்து வீழ்ந்தது. பாலம் அழியவில்லை. குழாய் உயர உயர அதன் கீழே இடைவெளி விடாது கட்டிக்கொண்டே வரவேண்டும் என்று பொறியியலாளர் ரொபேட் ஸ்டீவன்சன் கட்டளையிட்டிருந்தார். எனவே அது சில அங்குலமே இறங்கிற்று. அவர் அமுக்கியை நம்பவில்லை என்பதன்று. அதை மட்டும் நம்பவில்லை. எமது சிறு கருவியின் முன்னே தடித்த காப்புத்தகடு வேண்டும் என்று யான் வற்புறுத்துவதும் இதனாலேயே. பெயாரிங்கின் வளையம் உடையுங்கால் துண்டுகள் துப்பாக்கிக் குண்டுபோற் பாயும்.

கடையில் ஆயத்தமாக விற்கும் அமுக்கியை வாங்கி நிறுத்திவிடலாமே என்று பழைய மாணவர் சிலர் கேட்கக்கூடும். வாங்கலாம். கொடையாளர் பெயர் பொறித்த தகடும் அதில் அழகாக அமையும். ஆனால் 2013இல் உயர்தரத்திற் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபின், தகைப்பையும் வளைப்பையும் பரீட்சைத் தாளிற் கணிக்கும் மாணவர் பலர் உருவாகியுள்ளனர். தாம் கணித்த சட்டத்தின் அருகிலே தாமே நிற்கவேண்டும் என்ற நிலை அவர்களுக்கு வாய்ப்பதில்லை. வாங்கிய கருவி அந்த நிலையைத் தராது. எமது சங்கம் ஜக்கையும் ஊசித்தண்டுகளையும் வாங்கித் தரட்டும்; தொழிலறிந்த பழைய மாணவர் ஒருவர் ஒட்டுகளைப் பார்வையிடட்டும்; இரும்பைத் தெரிவதும் கணிப்பதும் மாணவர் பொறுப்பாகட்டும்.

செய்து முடித்தபின் ஒரு சோதனை உண்டு. மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கைக் காட்டும் டயல் கேஜை, கூட்டிலே தொடாத தனித்தாங்கியில் நிறுத்தி, மேற்சட்டத்தின் நடுவே முள்ளைப் பொருத்தவேண்டும். பின்பு ஆசிரியர் காப்புத்தகட்டின் பின்னின்று முழு விசையையும் ஏற்றட்டும். மேற்குறித்த அளவுகளுக்கு வளைவு ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் என்று கணக்குச் சொல்கின்றது. முதலிரு முறை போல்ற்றுகள் தம்மிடத்தில் அமர்வதால் முள் சற்று விலகி நிற்கலாம். அதன்பின்பும் விசையை இறக்கியபோது முள் தொடக்கத்துக்கு மீளாதெனின், அச்சட்டம் வந்த கடைக்கே திரும்பிப் போகவேண்டியது.