கேட்கத் தயங்காத பொறியாளர்

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நிமிடத்திற்குள் இடிந்து விழுந்தது. ‘நியூ வோர்ல்ட்’ ஹோட்டல் இயங்கிவந்த அக்கட்டடத்தின் இடிபாடுகளில் சிக்கி 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

இந்த விபத்துக்குக் காரணம் என்ன? கட்டடத்தை வடிவமைத்தபோது, உள்ளே இருக்கும் மனிதர்கள், பொருள்கள் ஆகியவற்றின் எடையைக் கணக்கில் சேர்த்தவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. இது விசாரணையில் தெரியவந்தது. 1971இல் கட்டப்பட்ட அக்கட்டடத்தின் தூண்கள் அத்தனை ஆண்டுகளும் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கி நின்றன. இடிவதற்குமுன் விரிசல்களும் தென்பட்டன.

இதன் பின்னர், கட்டட வடிவமைப்பைத் தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. சட்டம் வந்துவிட்டதால் இனிக் கவலை இல்லை என்று எண்ணிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. சரிபார்ப்பவர் வரைபடத்தைப் பார்க்கிறார். கட்டுமானத் தளத்தில் கம்பி குறைவதையும் சுவரில் விரிசல் விழுவதையும் முதலில் காண்பவர், பெரும்பாலும் அங்கு நாள்தோறும் நிற்கும் இளம் பொறியாளர்தான்.

“நேற்று வேலைக்கு வந்தவர் மூத்தவரிடம் குறை சொல்வதா?” என்று சிலர் கேட்கலாம். மூத்தோரை மதிப்பது நம் பண்பு. ஆனால், மதிப்பது வேறு. கண்டதைச் சொல்லாமல் இருப்பது வேறு. “இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. மீண்டும் ஒருமுறை பார்க்கலாமா?” என்று பணிவுடன் கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. கேட்டதையும் கிடைத்த பதிலையும் எழுதி வைப்பதும் அவசியம். தாம் சரிபார்க்காத தாளில், அவசரம் என்று யார் சொன்னாலும் கையொப்பமிடக் கூடாது.

தம்முடைய தவற்றைத் தாமே ஒப்புக்கொள்வது இவற்றைவிடக் கடினம். வேலை தாமதமாகலாம், செலவு கூடலாம், மேலதிகாரி கோபப்படலாம். ஆனால், வரைபடத்தில் உள்ள தவற்றை அழித்துத் திருத்தலாம். கட்டடமாக எழுந்துவிட்ட பின் அது அவ்வளவு எளிதன்று.

மாணவர்களே, இந்தப் பழக்கம் பட்டம் பெற்ற பிறகு தானாக வந்துவிடாது. இன்று உங்கள் குழுவின் அறிவியல் செய்முறையில் விடை பிழையென்று தெரிந்தால், மதிப்பெண் குறையும் என்று அஞ்சாமல் அதைச் சொல்லிப் பாருங்கள். நேர்மைக்கான பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.