இறக்கின வண்டிக்கு 19 இன்ச் எதுக்குங்க?

ஆபீஸ்ல பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வாங்குற கூட்டம் ஒண்ணு சேர்ந்திருச்சு. 2012ல் இந்தியாவுக்கு வந்த எஃப்30 மாடல். நம்ம சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் இருக்கிற ஃபேக்டரியில பூட்டின வண்டிதான். வாங்கின ரெண்டாம் மாசம் ஸ்பிரிங்கை மாத்தி 30 மி.மீ. இறக்கிடுறாங்க. மூணாம் மாசம் ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கிற என்கிட்ட வந்து கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "மச்சி, 19 இன்ச் உள்ள போகுமா?"

போகும். ஆனா போடாதீங்க. 17 போதும், ரொம்ப ஆசையா இருந்தா 18. அதுக்கு மேல போறது சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்குங்க.

டயர்ல 225/50 ஆர்17ன்னு போட்டிருக்கும். 225ங்கறது அகலம், மி.மீ. கணக்குல. 50ங்கறது அந்த அகலத்துல 50 சதவீதம், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நிக்கிற ரப்பரோட உயரம். 112 மி.மீ. வருது. 18 இன்ச்சுக்குப் போனா 225/45, ரப்பர் 101. 19க்குப் போனா 225/40, ரப்பர் 90 தான். ஆனா மொத்த விட்டம் பாருங்க: 657, 660, 663. ஏறக்குறைய ஒண்ணுதான், அப்படித்தான் இருக்கணும். இல்லைன்னா ஸ்பீடோமீட்டர் தப்பாக் காட்டும், டயர் உள்பக்கம் உரசும்.

அதனால "பெரிய வீல் போட்டா வண்டி கொஞ்சம் உசரும், ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 17ல இருந்து 19க்குப் போனா தரையில இருந்து கிடைக்கிறது 3 மி.மீ. கூட இல்லை. மாறுறது ஒண்ணுதான், ரப்பர் இருந்த இடத்துல இரும்பு... சரி, அலுமினியம்.

இதுல இறக்கின வண்டிக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. 30 மி.மீ. இறக்கும்போது சக்கரம் மேல எழும்புறதுக்கு இருந்த இடத்துலயும் 30 மி.மீ. போயிடுது. பள்ளத்துல விழுந்தா சஸ்பென்ஷன் சீக்கிரமே பம்ப் ஸ்டாப்ல போய் முட்டிடும். அதுக்கப்புறம் அடி வாங்க மிச்சம் இருக்கிறது அந்த ரப்பர் மட்டும்தான். அதையும் நாமளே 112ல இருந்து 90 ஆக்கினா மிச்ச அடியை ரிம் வாங்கும். வேளச்சேரியில நவம்பர் மாசம் தண்ணி நின்ன ரோட்டுல பள்ளம் எது, தார் எதுன்னு எவனுக்குத் தெரியும்? கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்கு ஒரே மழைக்காலத்துல ரெண்டு ரிம் நெளிஞ்சது. ஒண்ணுல விரிசல். வித்த கடைக்காரர் "வெல்டிங் வச்சுக் குடுத்துடறேன் சார், ஒண்ணும் ஆகாது"ன்னாராம். அந்த வீலோட பொண்டாட்டி புள்ளையை உக்கார வச்சு ஈசிஆர்ல 100ல போறதை நினைச்சுப் பாருங்க. நான் அவரை வெல்டிங் வைக்க விடலை.

அடுத்தது ஆஃப்செட். எல்லாரும் இன்ச்சை மட்டும் கேக்குறாங்க, உரசுறது பெரும்பாலும் இதனாலதான். ஈடி 34ன்னா ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து வீல் போய் ஒட்டுற முகம் 34 மி.மீ. வெளிப்பக்கமா இருக்குன்னு அர்த்தம். நம்பர் குறைய குறைய வீல் வெளியே தள்ளும். எஃப்30க்கு கம்பெனி 18 இன்ச் முன் வீல் 8ஜே, ஈடி 34. இதுக்குப் பதிலா கடையில "செமையா இருக்கும் சார்"ன்னு 9ஜே, ஈடி 30 காட்டுவாங்க. ஒரு இன்ச் அகலம், 4 மி.மீ. ஆஃப்செட், என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். கணக்குப் போட்டா வெளிப்பக்கம் 17 மி.மீ. தள்ளுது, உள்பக்கம் கிட்டத்தட்ட 9 மி.மீ. நெருங்குது. சாதாரண உசரத்துல இருக்கிற வண்டி இதைத் தாங்கினாலும் தாங்கும். இறக்கின வண்டியில நாலு பேர் ஏறி ஒரு யூ டர்ன் போட்டா மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும். காயிலோவர் போட்டு இறக்கியிருந்தா இன்னும் கஷ்டம், அதோட ஸ்பிரிங் தட்டு டயர் பக்கத்துலயே வந்து நிக்கும், அங்க அந்த 9 மி.மீ. ரொம்பப் பெருசு.

பழைய வீல் வாங்குறவங்களுக்கு ஒரு பொறி இருக்கு. "பிஎம்டபிள்யூ வீல்தான் சார், ஒரிஜினல்"னு விப்பாங்க. எஃப்30க்கு போல்ட் வட்டம் 5×120, நடு ஓட்டை 72.6 மி.மீ. 2019ல வந்த அடுத்த தலைமுறை ஜி20ல அதை 5×112, 66.5ன்னு மாத்திட்டாங்க. ரெண்டும் ஒரிஜினல்தான், ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. அடாப்டர் போட்டு ஏத்தலாம்னு ஐடியா குடுப்பாங்க, அடாப்டரோட தடிமன் அப்படியே ஆஃப்செட்டைத் தின்னும். மேல சொன்ன கதைதான் மறுபடியும்.

டயர் வாங்கும்போது லோடு இண்டெக்ஸையும் பாருங்க. 94ன்னா ஒரு டயர் 670 கிலோ, 91ன்னா 615. கம்பெனி குடுத்ததுக்குக் கீழ போகாதீங்க, தள்ளுபடி எவ்வளவு குடுத்தாலும் சரி.

முன்னாடி 225, பின்னாடி 255ன்னு அகலம் மாத்திப் போடுறது பார்க்க நல்லாத்தான் இருக்கும், கம்பெனியே அப்படிக் குடுத்ததும் உண்டு. ஆனா இறக்கினா பின் சக்கரம் மேல்பக்கம் உள்ள சாயும், டயரோட உள் விளிம்பு சீக்கிரம் தேயும். நாலும் ஒரே அளவா இருந்தா முன்னபின்ன மாத்திப் போட்டு ஆயுசை இழுக்கலாம். ரெண்டு அளவுன்னா அந்த வழியே கிடையாது, வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும்போதே தூக்கிப் போட வேண்டியதுதான். இறக்கின கையோட அலைன்மென்ட் பார்க்காம விட்டா டயர் போற வேகமே தனி.

அதனால நான் சொல்றது, 7.5ஜே ஈடி 37 ரிம்ல 225/50 ஆர்17, இல்லைன்னா 8ஜே ஈடி 34ல 225/45 ஆர்18, நாலு பக்கமும் ஒரே அளவு. 19 இன்ச் ரிம்முக்கு வச்சிருந்த காசுல நல்ல டயரா வாங்குங்க. பிரேக் பிடிக்கிறதும் வளைவுல ஒட்டுறதும் டயர், ரிம் இல்லை. ரன்ஃப்ளாட்டை விட்டு சாதா டயருக்கு மாறுனா வண்டி நல்லாவே மெத்துன்னு ஆகும். ஆனா இந்த வண்டி ரன்ஃப்ளாட்டை நம்பி ஸ்டெப்னி இல்லாம வந்தது, டிக்கியில பம்ப்பும் பஞ்சர் கிட்டும் இல்லாம திண்டிவனம் தாண்டாதீங்க.

"17 போட்டா மாட்டு வண்டி மாதிரி இருக்கும்டா"ன்னு ஒருத்தன் சண்டைக்கு வந்தான். இருக்கட்டும்ப்பா. 30 மி.மீ. இறக்கின வண்டியில சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இடைவெளி ஏற்கனவே குறைஞ்சாச்சு, அதை நிரப்புறது டயரோட வெளி விட்டம். அது மூணு சைஸுலயும் ஒண்ணுதான்னு மேலயே பார்த்தோம். ஃபோட்டோவுல 19 அழகா இருக்கும், ஒத்துக்கறேன். ஃபோட்டோவுல பள்ளம் இல்லை.

பி.கு: புது வீல் மாட்டின 100 கி.மீ.க்குள்ள போல்ட்டை டார்க் ரெஞ்சு வச்சு மறுபடி பார்த்துடுங்க. எஃப்30க்கு 140 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடை ஏர் கன் இந்த நம்பரைக் கேட்டதே இல்லை.